சி.பி. (மத்திய மாகாணம்) நம்பர் ஸ்கூட்டியோட வட மாகாணத்துல ஒட்டுசுட்டான் வந்திருக்கேன், லைசென்ஸ், பதிவுப் புத்தகம் எல்லாம் மாத்தணுமா?

ஹட்டன்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவ. குடும்பநல உத்தியோகத்தர் வேலை, மாற்றம் கிடைச்சு இந்தப் பக்கம் வந்து கல்யாணமும் இங்கேயே ஆகி இப்ப ஏழு மாசமா ஒட்டுசுட்டான்ல இருக்கேன். வேலைக்கு ஸ்கூட்டி இல்லாம ஒண்ணும் நடக்காது, ஒரு நாளைக்கு பத்து வீடு போகணும்னா பத்து வீடும் பத்து திசையில இருக்கு, பஸ்ஸை நம்பினா ரெண்டு தாய்மாரைக்கூட பாத்து முடிக்க ஏலாது. அதனால அண்ணன் ஹட்டன்லருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ள, மதவாச்சி, வவுனியான்னு ஒரே நாள்ல ஓட்டிட்டு வந்து குடுத்துட்டுப் போனாரு.

இப்ப என் பிரச்சினை என்னன்னா, போன கிழமை ஏ9 ரோட்டுல ட்ராஃபிக் பொலிஸ்காரர் ஒருத்தர் மறிச்சாரு. மரியாதையா தான் பேசினாரு. லைசென்ஸ்ஸை வாங்கிப் பாத்துட்டு "விலாசம் ஹட்டன், வண்டி நம்பரும் சி.பி., வண்டி யாரோ ஒரு ஆம்பளை பேர்ல, நீங்க இங்க தானே வேலை செய்றீங்க, இதெல்லாம் மாத்தலையா?"ன்னு கேட்டாரு. தண்டம் ஒண்ணும் எழுதல. ஆனா எனக்கு அன்னையிலருந்து மனசு சரியில்ல. யூனிஃபோர்மோட நின்னுட்டு பதில் தெரியாம முழிச்சது ஒரு மாதிரி ஆயிருச்சு.

வண்டி 2018ல லீசிங்ல எடுத்தது. அப்ப எனக்கு நிரந்தர வேலை இல்லாததால அண்ணன் பேர்ல எடுத்தோம், காசு கட்டினது நான். லீசிங் எல்லாம் கட்டி முடிஞ்சுது. அண்ணன் இன்னும் ரெண்டு மாசத்துல வெளிநாடு போறாரு, விசா வந்துருச்சு. வரி பத்திரம் அடுத்த மாசம் 19ஆம் திகதி முடியுது. லைசென்ஸ் அடுத்த வருஷம் முடியுது.

நான் கேக்கிறது, மாகாணம் மாறினா லைசென்ஸையும் மாத்தணுமா? சி.பி. பிளேட்டை என்.பி. (வட மாகாணம்) ஆக்கணுமா? புகை டெஸ்ட், வரி எல்லாம் செய்ய ஹட்டனுக்கே போகணுமா? லீவு எடுக்கிறது ரொம்ப கஷ்டம், எனக்குப் பதிலா பாக்க இந்த ஏரியாவுல வேற ஆள் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வவுனியாப்_பொடியன்:

அக்கா நீங்க தேவையில்லாம பயப்பிடுறீங்கள். லைசென்ஸ் இலங்கை முழுக்க ஒண்டுதான், மாகாணத்துக்கு மாகாணம் வேற லைசென்ஸ் எண்டு இங்க ஒண்டும் இல்லை. அமெரிக்காவில எல்லாம் ஸ்டேட் மாறினா மாத்தவேணும் எண்டு சொல்லுவினம், எங்களுக்கு அப்பிடி இல்லை. வண்டியும் அண்ணான்ட பேரில கிடந்தா கிடக்கட்டும். அண்ணாட்ட ஓப்பின் பேப்பர் ரெண்டிலயும் கையெழுத்து வாங்கி வச்சிருங்கோ காணும், எப்ப விக்கிறீங்களோ அப்ப வாங்கிறவன் மாத்துவான். இங்க பாதிச் சனம் அப்பிடித்தான் ஓடுது. நானும் ரெண்டு வருசமா அப்பிடித்தான் ஓடுறன்.

---

மாங்குளம்_கராஜ்:

தங்கச்சி, தம்பி சொன்னதில முதல் பாதி சரி, ரெண்டாம் பாதியைக் கேட்டிராதேங்கோ. நான் பதினாறு வருசமா மோட்டச்சைக்கிள் திருத்திற ஆள், வாங்கி விக்கிறதும் கொஞ்சம் செய்யிறனான், அதால ஒவ்வொண்டா சொல்லுறன், நீண்டா கோவிக்காதேங்கோ.

லைசென்ஸ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் குடுக்கிறது, நாடு முழுக்கச் செல்லும், நீங்கள் மாகாணம் மாறினதால அது பிழையாகிப் போகாது. விலாசம் மட்டும்தான் பழசு. அடுத்த வருசம் புதுப்பிக்கிறீங்கள் தானே, அப்ப மெடிக்கல் எடுத்துக்கொண்டு போகேக்க விலாசத்தையும் சேர்த்து மாத்திப்போடுங்கோ, ஒரே அலைச்சலில முடியும். ஒரு விசயம் மட்டும் ஞாபகம் வச்சிருங்கோ, எங்கயாவது தண்டம் எழுதினா லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு துண்டு தருவினம், அது 14 நாளைக்குத்தான் செல்லும். காசை தபால் கந்தோரில கட்டினா லைசென்ஸை எடுக்க எழுதின பொலிஸ் ஸ்ரேசனுக்குத்தான் போகவேணும். ஹட்டன் போய் வரேக்க வழியில அப்பிடி ஒண்டு நடந்தா உங்கட வேலைக்கு அது பெரிய இடைஞ்சல். அதால ஹெல்மெட், சைட் கண்ணாடி, சிக்னல் லைட் எல்லாம் வடிவாப் பாத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

பிளேட் விசயம். முந்தி சி.பி. வண்டியை வடக்கில இருக்கிற ஆளுக்குப் பேர் மாத்தினா பிளேட்டையும் குடுத்துப்போட்டு என்.பி. போட்ட புதுப் பிளேட் எடுக்கவேணும். நம்பர் அதேதான், முன்னுக்கு இருக்கிற அந்த ரெண்டு எழுத்துத்தான் மாறும், அதுக்கு எத்தினை நாள் அலைஞ்சம் எண்டு எங்களுக்குத்தான் தெரியும். 2023 தை மாசத்தோட அந்த மாகாண எழுத்தையே எடுத்துப்போட்டாங்கள். புதுப் பிளேட்டில மாகாணமே இல்லை. உங்கட பிளேட்டில சி.பி. இருக்கிறது பிழையும் இல்லை, அதுக்காக மாத்தத் தேவையும் இல்லை. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், எழுத்து அழியாம இருந்தாச் சரி.

புகை ரெஸ்டுக்கு ஹட்டன் போகத் தேவையே இல்லை, எந்த நிலையத்திலயும் செய்யலாம். செய்ய முதல் எயார் பில்ரரை ஒருக்காக் கழட்டித் துப்பரவாக்குங்கோ. நீங்கள் போற றோட்டுப் புழுதிக்கு அது அடைச்சுப்போய் செங்கல்லு மாதிரி இருக்கும், மலைநாட்டு வண்டிக்கு அது புதுப் பழக்கம். அடைச்ச பில்ரரோட போனா புகை கூடத்தான் காட்டும், பேந்து கார்பரேற்றரைக் குறை சொல்லுவினம். கராஜில அஞ்சு நிமிச வேலை.

இனி முக்கியமானது. ஓப்பின் பேப்பர் எண்டு தம்பி சொன்னது எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 எண்ட ரெண்டு போம். 8 விக்கிறவர் தான் வண்டியைக் குடுத்திட்டன் எண்டு அறிவிக்கிறது, 6 வாங்கிறவர் என்ட பேரில பதியுங்கோ எண்டு கேக்கிறது. இதில பழைய ஓனரின்ட கையெழுத்தை மட்டும் வாங்கிப்போட்டு மற்றதெல்லாம் வெறுமையா வச்சுக்கொண்டு கை மாறிக் கை மாறி ஓடுறதுதான் ஓப்பின் பேப்பர். சட்டப்படி கை மாறி 14 நாளுக்குள்ள பதியக் குடுக்கவேணும். என்ட கராஜுக்கு வந்த ஒரு வண்டி அஞ்சு கை மாறினது, ஆனா புத்தகத்தில முதலாவது ஆளின்ட பேர்தான். கடைசியா வாங்கின பெடியன் நாலு வருசம் கழிச்சுப் பேர் மாத்தப் போனவன். முதல் ஓனரின்ட கையெழுத்து ஒத்துப்போகேல்லை எண்டு திருப்பி அனுப்பிட்டினம். அந்த ஆளைத் தேடினா அவர் எங்கயோ கனடாவில. வண்டி இப்பவும் என்ட கராஜ் மூலையில நிக்குது.

உங்கட அண்ணை ரெண்டு மாசத்தில ஏறுறார் எண்டு நீங்களே சொல்லுறீங்கள். அவர் இங்க நிக்கேக்கையே பேரை மாத்துங்கோ. சொந்தத் தமையன் எண்டதால அவசரமில்லை எண்டு நினைக்கிறதுதான் இதில வாற பெரிய பிழை.

---

ஹட்டன்_மகள்:

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விளக்கமா யாரும் சொல்லல. பில்டரைக் கழட்டிப் பாத்தோம், நீங்க சொன்ன மாதிரியே செவப்பா கட்டி பிடிச்சிருந்துச்சு. வீட்டுக்காரர் தட்டித் தட்டியே ஒரு கைப்பிடி மண்ணு விழுந்துச்சு.

அண்ணன்கிட்ட பேசினேன், வர்றேன்னு சொல்லிட்டாரு. என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்னு யாராவது சொல்ல முடியுமா? ஒரு பேப்பர் குறைஞ்சு திரும்பி வந்தா என்னால இன்னொரு தரம் கொழும்புத் திணைக்களத்துக்குப் போக லீவு கேக்க முடியாது. என் அடையாள அட்டையில இன்னும் ஹட்டன் விலாசம் தான், அது பிரச்சினையா?

---

ஓய்வு_எழுதுவினைஞர்:

பிள்ளை, நான் கிளிநொச்சியில ஒரு பிரதேச செயலகத்தில இருபத்தாறு வருசம் எழுதுவினைஞரா இருந்து ஓய்வு பெற்றனான். வரிப் பத்திரப் பகுதியில கனகாலம் இருந்ததால இந்த அலைச்சல்களை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்த ஆள்.

முதல் செய்ய வேண்டியது, சீ.ஆர். எண்டு சொல்லுற பதிவுச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில வச்சு ஒவ்வொரு வரியா வாசியுங்கோ. லீசிங்கில எடுத்த வண்டி எண்டால் பதிவு உரிமையாளர் எண்ட இடத்தில அண்ணரின்ட பேரும், முழுமையான உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பனியின்ட பேரும் இருக்கும். காசு கட்டி முடிஞ்சதும் கம்பனி புத்தகத்தையும் ஒரு கடிதத்தையும் தரும். சனம் புத்தகத்தை வாங்கி அலுமாரிக்குள்ள வச்சிட்டு, முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். ஆனா திணைக்களத்தில போய் அந்தக் கம்பனியின்ட பேரை எடுக்காட்டி வண்டி இன்னும் கடனில கிடக்கிறதாத்தான் பதிவு இருக்கும். அது நிண்டால் பேர் மாத்தவே விடாயினம். நான் இருந்த காலத்தில பேர் மாத்தப் போய் வெறுங்கையோட வந்த ஆக்களில கூடுதலான ஆக்களுக்கு இதுதான் காரணம். இப்பவே பாத்துச் சொல்லுங்கோ.

அடுத்தது பேர். அண்ணரின்ட அடையாள அட்டையில இருக்கிற இங்கிலீசுப் பேரும் புத்தகத்தில இருக்கிற இங்கிலீசுப் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா எண்டு பாருங்கோ. எங்கட ஆக்களுக்கு இது பெரிய வில்லங்கம். தமிழில ஒரே பேர், இங்கிலீசில ஒரு இடத்தில எச் போட்டு, ஒரு இடத்தில எச் இல்லாம, தகப்பன்ட பேர் ஒரு இடத்தில முழுசா, இன்னொரு இடத்தில முதல் எழுத்து மட்டும். முந்தி அட்டை 9 இலக்கமும் கடைசியில ஒரு எழுத்தும், 2016இல இருந்து 12 இலக்கம். வண்டி எடுக்கேக்க பழைய அட்டை இலக்கம் குடுத்து இப்ப புது அட்டை வச்சிருந்தா ரெண்டின்ட போட்டோக் கொப்பியையும் கொண்டு போங்கோ. பழைய அட்டையின்ட கொப்பி எங்கயாவது ஒரு பைலுக்குள்ள கிடக்கும், தேடி எடுங்கோ.

சேசிஸ் இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் வண்டியில இருக்கிறதோட ஒப்பிடுங்கோ. அதை மாங்குளம் தம்பி வடிவாச் சொல்லுவார்.

உங்கட விலாசத்துக்கு, ஜீ.எஸ். எண்ட கிராம சேவகரிட்ட வதிவிடச் சான்றிதழ் எடுத்து பிரதேச செயலகத்தில மேலொப்பம் வாங்குங்கோ. முறையெண்டு பாத்தால் முதல் அடையாள அட்டை, பேந்து புத்தகம், கடைசியா லைசென்ஸ். ஆனா அண்ணர் போறதுக்குள்ள முடிக்க வேணும் எண்டதால அட்டை வரும்வரைக்கும் காத்திராதேங்கோ. அட்டைக்கும் குடுத்து வையுங்கோ, சான்றிதழை மற்றப் பேப்பருகளோட சேர்த்து வையுங்கோ. புத்தகத்தில இருக்கிற விலாசத்துக்குத்தான் எந்தக் கடிதமும் வரும், பொலிஸ் கடிதமும் அதே விலாசத்துக்குத்தான். அது ஹட்டனுக்குப் போய் அங்க அம்மா கையெழுத்து வச்சு வாங்கி பயந்துபோய் இருக்கிறதை விட உங்கட கைக்கு நேரா வாறது நல்லது.

வரிப் பத்திரத்துக்கு இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் செல்லுபடியா இருக்கவேணும். இப்ப ஒன்லைனில கட்டலாம், ஹட்டன் போகத் தேவையில்லை. 19ஆம் திகதி வரைக்கும் விடாதேங்கோ, பிந்தினா தண்டம் சேரும். பேர் மாத்தப் போகேக்க நடப்பு வரிப் பத்திரத்தின்ட கொப்பியும் கையில இருக்கட்டும்.

---

ஹட்டன்_மகள்:

ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ராத்திரியே சீ.ஆர். எடுத்துப் பாத்தேன். கம்பனி பேரு இன்னும் இருக்கு. லீசிங் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. கை கால் எல்லாம் ஆடிப்போச்சு. அண்ணன்கிட்ட கேட்டா "ஒரு கடிதம் தந்தாங்க, அம்மா பெட்டியில வச்சாங்க"ன்னு சொல்றாரு, அம்மா தேடிட்டு இருக்காங்க. நீங்க சொல்லலன்னா நான் நேரா கொழும்புக்குப் போய் நின்னுருப்பேன்.

---

மாங்குளம்_கராஜ்:

தங்கச்சி பதறாதேங்கோ, கடிதம் இல்லாட்டி கம்பனியில இன்னொண்டு கேட்டு எடுக்கலாம், கட்டி முடிச்ச கணக்கு அவையிட்ட இருக்கும். அண்ணை அங்க நிக்கிறதால எடுத்த கிளைக்கே போகச் சொல்லுங்கோ. கடிதத்தில வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரும் சரியா இருக்கோ எண்டு அங்கயே நிண்டு பாக்கச் சொல்லுங்கோ, வீட்ட வந்து பாக்கிறதில பிரயோசனம் இல்லை.

சேசிஸ் நம்பர் ஸ்கூட்டிக்கு மொடலைப் பொறுத்து இடம் மாறும், சிலதுக்கு கால் வைக்கிற தட்டுக்கு உள்ளுக்க, சிலதுக்கு சீற்றுக்குக் கீழ. மண்ணெண்ணெய் தொட்ட துணியால அந்த இடத்தைத் துடையுங்கோ, கம்பியாலயோ ஸ்குரூ ட்ரைவராலயோ சுரண்டாதேங்கோ, நம்பர் காயப்பட்டா நீங்களே மாத்தின மாதிரித் தெரியும். பேந்து மெல்லிசு வெள்ளைப் பேப்பரை மேல வச்சு பென்சிலைச் சரிச்சுப் பிடிச்சு தேயுங்கோ, இலக்கம் ஒவ்வொண்டா எழும்பி வரும். அதைச் சீ.ஆரோட வச்சுப் பாருங்கோ. மாங்குளப் பக்கம் வந்தா கொண்டு வாங்கோ, நானே எடுத்துத் தாறன், காசு ஒண்டும் வேண்டாம்.

இந்தப் பேப்பர் விசயத்தில நான் ஏன் இவ்வளவு நிக்கிறன் எண்டால் எங்கட அப்பாவிட்ட ஹொண்டா எம்.டி. 90 ஒண்டு இருந்தது. பெற்றோல் வராத காலத்தில மண்ணெண்ணெயில ஓடின வண்டி, ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல் விடுவார், பேந்து வெள்ளைப் புகையைத் தள்ளிக்கொண்டு ஓடும். 2009இல சண்டை முடியேக்க கடைசி இடத்தில அந்த வண்டியை விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். ஆனா புத்தகத்தை அப்பா சொப்பின் பையில ரெண்டு மடிப்பாச் சுத்தி வயித்தோட கட்டிக்கொண்டு வந்தவர். மெனிக் பாம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ள மழை பெய்யேக்க முதல் அதைத்தான் எடுத்து தலையணைக்குக் கீழ வைப்பார். பேந்து வண்டியை விட்ட இடத்தில குவிச்சு வச்சிருந்த வண்டியளுக்குள்ள தேடிப் பாத்தம், கிடைக்கேல்லை. புத்தகம் இப்பவும் அவரின்ட றங்குப் பெட்டிக்குள்ள இருக்கு. அவரிட்ட பேப்பர் இருக்கு, வண்டி இல்லை. வண்டியை வச்சுக்கொண்டு பேப்பர் இல்லாம ஓடித் திரியிற ஆக்களைக் கண்டா எனக்கு உண்மையாவே மனம் பொறுக்கிறதில்லை.

---

வவுனியாப்_பொடியன்:

அண்ணை நீங்க சொல்லுறது விளங்குது, ஆனா வித்த ஆளைத் தெரிஞ்சா, நம்பிக்கையான ஆள் எண்டா என்ன பிரச்சினை? எனக்கு வித்தவர் எங்கட ஊர்க் கடைக்காரர்தான், தினமும் காணுறனான். கொழும்பு போய் வாற செலவு, ஒரு நாள் சம்பளம், அதுக்கு மேல மாத்திற காசு, எல்லாம் பாத்தா எனக்கு இப்ப ஏலாது.

---

மல்லாவி_அக்கா:

தம்பி, நம்பிக்கையான ஆள்தான் எங்களுக்கும் வித்தவர். கணவரோட வேலை செய்த ஆள், நல்ல மனுசன், ஒருநாளும் ஏமாத்த நினைக்கேல்லை. 2019இல அவரிட்ட மோட்டச்சைக்கிள் வாங்கினம், ஓப்பின் பேப்பரில கையெழுத்து வச்சுத் தந்தவர். நாங்களும் உங்களை மாதிரித்தான், அறுவடை முடியட்டும் மாத்துவம், அடுத்த போகம் முடியட்டும் மாத்துவம் எண்டு விட்டிட்டம்.

2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூ.ஆர். பங்கீடு வந்தது ஞாபகம் இருக்கோ, மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர். பதிய வெளிக்கிட்டா இந்த நம்பர் ஏற்கனவே பதிஞ்சிருக்கு எண்டு காட்டுது. வித்த ஆளின்ட மகன் தகப்பன்ட பேரில இருந்த இந்த வண்டியைப் பதிஞ்சு போட்டான், அவனுக்கு வித்த கதை தெரியாது. தகப்பனிட்ட கேப்பம் எண்டால் அவர் அதுக்கு மூண்டு மாசத்துக்கு முதல் மாரடைப்பில செத்துப்போனார். நாங்களும் செத்த வீட்டுக்குப் போய் அழுதிட்டு வந்தனாங்கள், அப்ப ஆருக்குப் பேப்பர் ஞாபகம் வரும்?

மகன் நல்ல பெடியன், கியூ.ஆரைத் தந்திட்டான். ஆனா பேர் மாத்திறது வேற கதையாப் போச்சுது. செத்த ஆளின்ட கையெழுத்துப் பேப்பரை வச்சு மாத்தக் கூடாது எண்டு எங்களுக்குத் தெரிஞ்ச சட்டத்தரணி கண்டிப்பாச் சொன்னவா. இறப்புச் சான்றிதழ், மனுசி பிள்ளையளின்ட சத்தியக் கடதாசி, எல்லாரும் சம்மதம் எண்டு கையெழுத்து, அதில ஒரு மகள் லண்டனில. ஒண்டரை வருசம் போச்சுது. வண்டி வாங்கின காசில கணிசமான பங்கு இதுக்கே செலவு. காசை விடுங்கோ, புருசனைப் பறிகுடுத்த மனுசியிட்ட ஒவ்வொரு மாசமும் போய் இந்தப் பேப்பரில வையுங்கோ, அந்தப் பேப்பரில வையுங்கோ எண்டு நிக்கிறது இருக்கே, அதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

கடைக்காரர் நல்லா இருக்கட்டும் தம்பி. அவர் நல்லா இருக்கேக்கையே கூட்டிக்கொண்டு போங்கோ.

---

ஓய்வு_எழுதுவினைஞர்:

மல்லாவிப் பிள்ளை சொன்னது அப்பிடியே உண்மை. இன்னொண்டு, வண்டி ஓடி ஆரையாவது அடிச்சுப்போட்டா முதல் தேடி வாறது பதிவு உரிமையாளரைத்தான். வித்தவருக்கும் இது ஆபத்து, வாங்கினவருக்கு மட்டும் இல்லை. இன்சூரன்சும் பழைய பேரிலயே கிடந்தா நட்டஈடு கேக்கேக்க கேள்வி மேல கேள்வி வரும்.

ஹட்டன் பிள்ளை, அண்ணர் பிளைட் ஏறுறதுக்குள்ள ஒருவேளை முடியாமப் போனால் அவர் போக முதல் ஒரு நொத்தாரிசிட்ட உங்கட பேருக்கு அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) எழுதிவிடச் சொல்லுங்கோ. போன பிறகு எண்டால் அந்த நாட்டுத் தூதரகத்தில போய் செய்யவேணும், வேலைக்குப் போன ஆளுக்கு அதுக்கு லீவு கிடைக்கிறது வில்லங்கம். ஆனா அது ரெண்டாவது வழி. முதல் வழி ரெண்டு பேரும் சேர்ந்து போறது. திகதி முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போங்கோ.

---

வவுனியாப்_பொடியன்:

அக்கா, ஐயா, அண்ணை எல்லாருக்கும் நன்றி. செத்த வீட்டுக் கதையை வாசிச்ச பிறகு எனக்கு ஒண்டும் கதைக்க வரேல்லை. நாளைக்கு கடைக்காரரோட கதைக்கிறன். அடுத்த மாசச் சம்பளத்தில போவம் எண்டு நினைக்கிறன். முதல் சொன்னதுக்கு ஹட்டன் அக்கா மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

---

ஹட்டன்_மகள் (ஆறு கிழமைக்குப் பிறகு):

எல்லாருக்கும் மறுபடி வணக்கம். என்ன நடந்துச்சுன்னு எழுதாம விட்டா சரியில்ல, இதே மாதிரி யாராவது தேடி வருவாங்க.

அம்மா அந்தக் கடிதத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்க, சாமிப் படத்துக்குப் பின்னால பிறப்புச் சான்றிதழ்களோட வச்சிருந்தாங்க. ஆனா அதுல சேசிஸ் நம்பர்ல ஒரு இலக்கம் பிழை. மாங்குளம் அண்ணா கராஜுக்குப் போய் பென்சில்ல தேய்ச்சு எடுத்த பேப்பரை ஃபோன்ல அண்ணனுக்கு அனுப்பினேன், அவரு அதைக் காட்டி கம்பனியில புதுக் கடிதம் வாங்கினாரு. ரெண்டு தரம் போக வேண்டி வந்துச்சு, அதுக்கே ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் இல்ல.

புகை டெஸ்ட் முதல் தரமே பாஸ். வரி ஒன்லைன்ல கட்டினேன், வீட்டுக்காரர் தான் செஞ்சு குடுத்தாரு, ஹட்டன் போகவே இல்ல. ஜீ.எஸ். சான்றிதழ் ஒரே நாள்ல கிடைச்சுது, மேலொப்பம் மறுநாள்.

அண்ணன் ஹட்டன்லருந்து ட்ரெயின்ல வந்தாரு, நான் ஒட்டுசுட்டான்லருந்து மாங்குளம் வந்து ராத்திரி பஸ். முறிகண்டிப் பிள்ளையார் கோயில்ல தேங்காய் உடைச்சுட்டு தான் போகணும்னு மாமியார் சொன்னாங்க, அது மறுபக்கம்னு முதல் நாளே போய் உடைச்சுட்டு வந்தேன். காலையில கொழும்பு நாரஹேன்பிட்டியில இருக்கிற திணைக்களத்துல கேட் திறக்க முந்தியே ரெண்டு பேரும் நின்னோம். ஐயா சொன்ன மாதிரியே அண்ணன் பேர்ல ஒரு எழுத்து வித்தியாசத்தைக் கேட்டாங்க, பழைய அட்டை கொப்பியைக் காட்டினதும் ஏத்துக்கிட்டாங்க. அந்தக் கொப்பி இல்லைன்னா அன்னைக்கே திரும்பியிருப்போம். கம்பனி பேரை எடுக்கிறதும் பேர் மாத்துறதும் ஒண்ணாவே குடுத்தோம். கவுண்டர்ல இருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியல, எனக்கு சிங்களம் பேச வரும், அதனால சமாளிச்சேன். பேச வராதவங்க யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போங்க.

அண்ணன் கையெழுத்து போடும்போது "இனி உன் வண்டி, கவனமா ஓட்டு"ன்னு சொன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் வெளிய வந்து ஒரு கடையில பிளேன்டீ குடிச்சோம், அவரு கோட்டைக்கு, நான் புறக்கோட்டை பஸ்ஸுக்கு. போன வெள்ளிக்கிழமை அவரு பிளைட் ஏறிட்டாரு.

புது சீ.ஆர். நேத்து பதிவுத் தபால்ல வந்துச்சு. என் பேரு, ஒட்டுசுட்டான் விலாசம். முழுமையான உரிமையாளர்ங்கிற இடத்துல ஒண்ணும் இல்ல. மாங்குளம் அண்ணாவோட அப்பா மாதிரியே பொலித்தீன்ல சுத்தி வச்சிருக்கேன், அண்ணா அவருகிட்ட சொல்லுங்க.

அடையாள அட்டை இன்னும் வரல, லைசென்ஸ் அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது பாத்துக்கிறேன். இன்சூரன்ஸ் மட்டும் இன்னும் அண்ணன் பேர்ல இருக்கு, திங்கட்கிழமை கிளினிக் முடிஞ்சதும் கிளிநொச்சிக்குப் போய் மாத்துறேன்.